மயிலாப்பூரை வரைந்து காட்டுங்கள்!

2024-ஆம் ஆண்டு மார்கழிக்குச் சற்று முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், டில்லியிலிருந்து என் சித்தப்பாவின் புதல்வன் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். "வந்து சேர்ந்தான்" என்பது கொஞ்சம் அவசரமான வார்த்தை. மயிலாப்பூர் வரையில் சரியான நேரத்துக்கு வந்துவிட்டான். அங்கிருந்து எங்கள் வீட்டு வாசலை அடைவதற்கு மேற்கொண்டு முக்கால் மணி நேரம் பிடித்தது. மெட்ரோ ரயில் வேலைக்காக அந்த வட்டாரத்தில் பாதைகளை மாற்றி விட்டிருந்தார்கள். அவனுடைய கைப்பேசி காட்டிய வழியெல்லாம் தகர வேலியில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

யந்திரத்தை நம்பிப் பயனில்லை என்று தெளிந்து, கடைசியில் மனிதர்களை நம்பி எங்களைக் கூப்பிட்டான். இங்கேதான் விபரீதம் ஆரம்பமாயிற்று.

என் தாயாருக்கு வயது 82. டெலிபோனை முதலில் வாங்கிக்கொண்டவர் அவர்தான். "தெற்கேயிருந்துதானே வருகிறாய்? குளம் தெரிகிறதா? குளத்தை வலக்கைப் பக்கமாகவே வைத்துக்கொண்டு வா. திரும்புகிற இடத்திலும் குளம் வலக்கைப் பக்கந்தான்" என்றார். வீதியின் பெயரையோ வீட்டின் எண்ணையோ சொல்லவில்லை. பிரதக்ஷிணம் செய்கிறவருக்குச் சொல்லும் வழி அது.

"பாட்டி சொல்வதைக் கேட்டால் குளத்தையே சுற்றிக்கொண்டிருப்பீர்கள், சித்தப்பா!" என்று என் பையன் டெலிபோனைப் பிடுங்கிக்கொண்டான். அவன் லஸ் முனையிலிருந்து கணக்குச் சொன்னான்: இத்தனாவது சந்து, இத்தனை நிமிஷ நடை. என் சகதர்மிணிக்கு இது பிடிக்கவில்லை. "வெயில் ஏறிவிட்டது, குழந்தைகள் வேறு இருக்கிறார்கள். தெற்கு மாட வீதியில் காய்கறிக் கடைகள் இருக்கும் ஓரமாகவே வரச் சொல். அங்கேதான் நிழல் இருக்கும்" என்றாள். ஒன்பது வயதுப் பெண் கடைசியாக வாங்கி, "பெரிய திண்ணையும், அதில் ஒரு பூக்கார ஆயாவும் இருந்தால் அதுதான் நம் வீடு" என்றாள்.

வந்தவன் உள்ளே நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் நாலு பேரும் ஒரே ஊரில்தான் வசிக்கிறீர்களா?" என்பதுதான்.

வேடிக்கையான கேள்விதான். ஆனால் அன்று சாப்பாடு முடிந்து ஊஞ்சலில் சாய்ந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. விடாததற்குக் காரணம் உண்டு. என் தம்பி டில்லியிலிருந்து எங்களைப் பார்க்க மட்டும் வரவில்லை. எங்கள் பாட்டனார் கட்டிய இந்த வீட்டில் அவனுக்கும் பங்கு உண்டு. வீட்டை இடித்து அடுக்கு மாடிக் கட்டிடம் கட்டித் தருவதாக ஒரு கட்டிட முதலாளி கடிதம் அனுப்பியிருந்தார். அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசி முடிவு செய்வதற்காகவே அவன் வந்திருந்தான்.

கடிதத்தில் எல்லாவற்றுக்கும் விலை போட்டிருந்தது. நிலம் ஒரு கிரவுண்டும் சொச்சமும். சதுர அடிக்கு இவ்வளவு. தேக்கு உத்தரங்களுக்கு இவ்வளவு. பழைய ஓட்டுக்கும் இரும்புக்குங்கூட ஒரு தொகை. இதைப் படித்துக் காட்டியபோது, அம்மா கடைசி வரையில் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "திண்ணைக்கு எவ்வளவு போட்டிருக்கிறான்?" என்றார்.

நாங்கள் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை.

ஒரு பரீட்சை

அன்று பிற்பகல் எல்லோருக்கும் ஒவ்வொரு காகிதமும் பென்சிலும் கொடுத்தேன். "மயிலாப்பூரை வரைந்து காட்டுங்கள். அழகாக இருக்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் மனத்தில் இருக்கிறபடி இருந்தால் போதும்" என்றேன்.

இந்த யோசனை என் சொந்தச் சரக்கு அல்ல. அமெரிக்காவில் கெவின் லிஞ்ச் என்று ஒரு நகர அமைப்பு நிபுணர் இருந்தார். பாஸ்டன், ஜெர்ஸி ஸிடி, லாஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய மூன்று நகரங்களில் வாழ்ந்த மனிதர்களை அழைத்து, தங்கள் ஊரை வரையச் சொன்னார். வழி சொல்லச் சொன்னார். பாஸ்டனில் சுமார் 30 பேர், மற்ற இரண்டிலும் சுமார் 15 பேர் வீதம். அவர் கண்டதை 1960-ஆம் ஆண்டில் ஒரு புத்தகமாக எழுதினார். மனிதர்கள் ஊரைத் தலைக்குள் வைத்துக்கொள்வதற்கு ஐந்து உறுப்புகள் உதவுகின்றன என்றார் அவர்: நடந்துபோகும் பாதைகள், எல்லை வகுக்கும் ஓரங்கள், ஒரே சாயல் கொண்ட வட்டாரங்கள், வழிகள் கூடும் முனைகள், தூரத்திலிருந்து தெரியும் அடையாளங்கள். இவை தெளிவாக இருக்கிற ஊரில் மனிதன் தைரியமாக நடக்கிறான். இவை குழம்பிப்போன ஊரில், பிறந்து வளர்ந்தவனுங்கூட அந்நியனாகத் திகைக்கிறான்.

எங்கள் வீட்டுப் பரீட்சையின் முடிவுகளை நேயர்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

பையனுடைய படத்தில் லஸ் முனை நடு நாயகமாக இருந்தது. ரயில் நிலையம், பஸ் நிற்கும் இடம், காப்பிக் கடை, நண்பர்கள் கூடும் ஒரு மதிற்சுவர். கோயில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதுரம் போட்டு, உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தான். "கோயில் எங்கேயடா போயிற்று?" என்றார் அம்மா. "அதுதான் எப்போதும் இருக்கிறதே, பாட்டி!" என்றான். யோசித்துப் பார்த்தால், அதைவிடப் பெரிய மரியாதை வேறு இல்லை என்று எனக்குத் தோன்றியது.

என் சகதர்மிணியின் படத்தில் கட்டிடங்களே அநேகமாக இல்லை. எந்த மணிக்கு எந்த ஓரத்தில் நிழல் விழும் என்பதைச் சாம்பல் நிறக் கோடுகளாகத் தீட்டியிருந்தாள். மழை பெய்தால் எங்கே தண்ணீர் தேங்கும் என்பதும் அதில் இருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் எந்தச் சந்தில் விளக்கு எரியாது, எந்தச் சந்தில் கடைக்காரர்கள் விழித்திருப்பார்கள் என்பதும் இருந்தது. இருபத்தைந்து வருஷமாக நான் அவளுடன் நடந்த வீதிகள்தான். இதில் பாதி எனக்குத் தெரியாது.

பெண் குழந்தை வடக்கு மாட வீதியை மாத்திரம் வரைந்திருந்தாள். ஆனால் அது நவராத்திரி சமயத்து வடக்கு மாட வீதி. இரு புறமும் கொலு பொம்மைகள். பொம்மைகள் மனிதர்களைவிடப் பெரியவையாக இருந்தன.

அம்மாவின் படத்தில் இல்லாதவைதான் அதிகம் இருந்தன. லஸ்ஸில் ஜட்கா வண்டிகள் நின்ற இடம். பக்கிங்ஹாம் கால்வாயில் விறகு ஏற்றிக்கொண்டு வந்த படகுகள். அடையாற்றையும் கூவத்தையும் சேர்க்கும் அந்தக் கால்வாய்ப் பகுதி, 1877-78-ஆம் ஆண்டுத் தாது வருஷப் பஞ்சத்தில், பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பட்டினி கிடந்த ஜனங்கள் கூலிக்கு மண் சுமந்து உண்டாக்கிய நீர்வழி அது. அதற்குள்ளேயே தூண்களை நட்டு மேலே ரயில் பாதை போட்டார்கள். 1997-ஆம் ஆண்டில் திருமயிலை வரையில் ரயில் வந்தது. இன்றைக்கு அந்தத் தண்ணீரில் படகு விடுவதாவது! மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் பாலத்தைத் தாண்டினாலே போதும். ஆனால் அம்மாவின் காகிதத்தில் அது இன்னும் தெளிந்த கால்வாயாகவே ஓடிக்கொண்டிருந்தது.

நான்கு படங்களுக்கும் பொதுவாக ஏதாவது உண்டா என்று தேடினேன். ஒன்று உண்டு, ஒன்றே ஒன்றுதான். பையனும் வரைந்திருந்தான், அவன் தாயாரும் வரைந்திருந்தாள், குழந்தை ஓரத்தில் மீன்களோடு வரைந்திருந்தாள், அம்மாவோ அதைத்தான் முதலில் வரைந்திருந்தார். அது கோயில் குளம்.

காலி இடத்தின் மகிமை

120 அடி உயரமுள்ள கோபுரத்தை விட்டுவிட்டு, எல்லோரும் குளத்தை ஏன் வரைய வேண்டும்? கீழைக் கோபுரம் 1906-ஆம் ஆண்டில் எழுந்தது. நூறு ஆண்டுக்கு மேலாக மயிலைக்கு அதுவே அடையாளம் என்று நாம் நினைக்கிறோம். வாஸ்தவந்தான். ஆனால் கோபுரத்தை இப்போது எங்கிருந்து பார்க்க முடிகிறது? சந்துகளிலிருந்து பார்க்க முடிவதில்லை. நான்கு மாடிக் கட்டிடங்கள் மறைத்துவிட்டன. எங்கள் வீட்டு மாடியிலிருந்து நான் சிறுவனாக இருந்தபோது கலசங்களை எண்ணியதுண்டு. இப்போது அதே இடத்தில் நின்றால் அண்டை வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரிகிறது.

குளத்தின் ஓரத்தில் நின்றால் மாத்திரம் வானம் விரிகிறது, காற்று வருகிறது, கோபுரம் முழுமையாகக் கண்ணுக்குப் புலப்படுகிறது. குளம் அங்கே இல்லாவிட்டால் கோபுரமும் நம்முடைய கண்ணுக்கு இல்லை. கட்டப்படாமல் விட்ட இடம் கட்டியதைக் காட்டிக் கொடுக்கிறது.

குளத்தின் உபகாரம் கண்ணோடு முடிவதில்லை. குளத்தில் தண்ணீர் நின்றால் அக்கம் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் ஊறும் என்பதை மயிலாப்பூர்க் கிழவிகள் நன்றாக அறிவார்கள். 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீரைச் சேமிக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, "இதைத்தானே குளம் செய்துகொண்டிருந்தது" என்று அம்மா சொன்னார். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்கு ஜனங்கள் குடத்தோடு காத்து நின்றபோது, அந்தப் பேச்சின் அர்த்தம் எங்களுக்கும் விளங்கிற்று.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு பேட்டையின் தோற்றம் என்றால் அது கண்ணுக்கு அழகான காட்சி என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். படம் பிடிக்க வருகிறவர்களுக்கு அது சரி. குடியிருப்பவர்களுக்கோ அது உபயோகத்திலுள்ள பொருள். பாத்திரம் பண்டத்தைப் போலப் புழங்குகிற பொருள். நிழல் அதில் ஒரு பகுதி. தெரிந்த முகம் ஒரு பகுதி. பங்குனியில் அறுபத்து மூவர் எழுந்தருளும்போது எந்த மூலையில் நின்றால் நன்றாகத் தெரியும் என்ற ஞானமும் ஒரு பகுதிதான்.

இது நேற்று இன்று வந்த பார்வை அல்ல. சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன்னால் திருஞானசம்பந்தர் மயிலையைப் பாடினார். பூம்பாவையின் பெயரால் வழங்கும் அந்தப் பதிகம் ஊரின் மாளிகைகளை அளந்து சொல்லவில்லை. அங்கே ஆண்டு முழுவதும் நடக்கும் விழாக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறது. அந்தக் காலத்துக் கோயில் கடற்கரையை ஒட்டி இருந்தது என்பதும், இப்போதுள்ள கோயில் பிற்காலத்தில் எழுந்தது என்பதும் பலருடைய கொள்கை. அப்படியானால் கோயில் இடம் பெயர்ந்தும் ஊர் மாறவில்லை. ஜனங்கள் தங்கள் வழக்கத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மேல்நாட்டாரும் காலதாமதமாக இந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் பிளாரன்ஸ் நகரில் கூடி நிலத்தோற்றம் பற்றி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. நிலத்தோற்றம் என்பது மக்களால் உணரப்படுகிற ஒன்று என்று அதில் வரையறுத்தார்கள். மலையும் அருவியும் மாத்திரமல்ல, சாதாரணத் தெருவும், சீரழிந்த பேட்டையுங்கூட அதில் அடங்கும் என்றும் ஒப்புக்கொண்டார்கள். எஞ்சினீயரின் நிலப்படம் மட்டும் போதாது. அங்கே குடியிருப்பவனுடைய மனப்படமும் வேண்டும் என்பது இதன் தாத்பரியம்.

ஏரி மறந்த கதை

மனப்படத்தை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மயிலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் தியாகராய நகர் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு காலத்தில் நீண்ட ஏரி ஒன்று பரந்து கிடந்தது. 1923-ஆம் ஆண்டு முதல் ஏரியை வற்றச் செய்து, மனை போட்டு, நேர் நேரான வீதிகளும் பனகல் பூங்காவும் அமைத்து, ஸர் பி. தியாகராய செட்டியாரின் பெயரைச் சூட்டினார்கள். ஊருக்கு இடம் தேவையாக இருந்தது. நல்ல பேட்டைதான் உண்டாயிற்று. நுங்கம்பாக்கத்திலும் ஓர் ஏரி இருந்தது; 1970-களில் அதுவும் போய், 1976-ஆம் ஆண்டில் அங்கே வள்ளுவர் கோட்டம் எழுந்தது.

ஏரி போய்விட்டது, பெயர் போகவில்லை. மேற்கு மாம்பலத்தில் இன்றைக்கும் "லேக் வியூ ரோடு" இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் "டாங்க் பண்ட் ரோடு" இருக்கிறது. ஏரிக் காட்சி வீதியில் ஏரி எங்கே என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்பதில்லை. பெயர் என்றால் பெயர். ஆனால் தண்ணீர் அப்படியல்ல. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் மேற்கு மாம்பலத்தில் தண்ணீர் புகுந்தது. 2021-ஆம் ஆண்டு நவம்பர் மழையில் தியாகராய நகர் வீதிகளில் இடுப்பளவு நீரில் ஜனங்கள் நடந்தார்கள். வடிகால் குறை உண்டு, மழையும் அளவுக்கு மீறிப் பெய்தது. எல்லாவற்றையும் ஏரியின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனாலும் தாழ்ந்த இடத்தைத் தேடி வருவது தண்ணீரின் சுபாவம். மனிதர்கள் மறந்துவிட்ட நிலத்தோற்றத்தைத் தண்ணீர் ஞாபகம் வைத்திருந்தது.

என் சகதர்மிணியின் படத்தில் தண்ணீர் தேங்கும் இடங்கள் இருந்தன என்று சொன்னேன் அல்லவா? அப்படிப்பட்ட படம் ஒவ்வொரு பேட்டையிலும் ஒவ்வொரு வீட்டு எஜமானியிடமும் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்வதற்கு ஆள் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐந்தாவது படம்

எங்கள் பரீட்சையை ஒருவர் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கைவேலை செய்யும் அம்மாள் அவர். குழந்தைகள் அவரை "அக்கா" என்றே அழைப்பார்கள். பெண் குழந்தை ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டுபோய், "நீங்களும் வரையுங்கள், அக்கா" என்று கொடுத்தாள்.

"எனக்கென்ன கண்ணு ஊரு இங்கே? என் வீடுதான் இங்கே இல்லையே!" என்றார் அவர்.

அவர் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் கால்வாய்க் கரையில். குடிசைதான், மழைக்காலத்தில் தண்ணீர் வரும், கொசு வரும், பாம்பும் வரும். அவர் அதை ஒருநாளும் சொர்க்கமென்று சொன்னதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னால் அந்தக் கரையிலிருந்த வீடுகளை அகற்றி, நகரத்துக்குத் தெற்கே வெகு தூரத்தில் உயரமான மாடிக் கட்டிடம் ஒன்றில் குடித்தனம் கொடுத்தார்கள். சிமெண்டுச் சுவர், தனிக் குழாய், தனிக் கழிப்பிடம். கணக்குப் பார்த்தால் லாபந்தான்.

1970-களில் குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் கட்டிக் கொடுப்பது சென்னையில் பெருவழக்காக இருந்தது. கடற்கரையோரத்திலும் கால்வாய் ஓரத்திலும் அப்படி எழுந்த கட்டிடங்கள் பல. 2000-ஆம் ஆண்டை ஒட்டி அந்த வழக்கம் மாறத் தொடங்கியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊர் எல்லைக்கு அப்பால் பல்லாயிரம் குடும்பங்கள் போய்ச் சேர்ந்தன. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதற்கு என்றும், நீர்வழியைச் சீர்திருத்துவதற்கு என்றும் காரணம் சொல்லப்பட்டது. அந்தக் காரணங்கள் பொய்யல்ல. ஆனால் போகிறவர்களிடம், "நீங்கள் எதை விட்டுவிட்டுப் போகிறீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொண்ட பத்தி எந்தப் பாரத்திலும் இல்லை.

பாஸ்டன் நகரத்திலும் இப்படி ஒன்று நடந்தது. அங்கே வெஸ்ட் எண்ட் என்று ஒரு பேட்டை. குறுகிய சந்துகள், பழைய வீடுகள், இத்தாலிய வம்சத்தவர் பலர் அடங்கிய உழைப்பாளிக் குடும்பங்கள். அதைச் சேரி என்று அதிகாரிகள் தீர்மானித்து, 1958-ஆம் ஆண்டு முதல் இடித்துத் தள்ளினார்கள். சுமார் 2,700 குடும்பங்கள் கலைந்துபோயின. ஹெர்பர்ட் கான்ஸ் என்ற சமூக ஆராய்ச்சியாளர் இடிப்பதற்கு முன் அங்கேயே குடியிருந்து பார்த்து, 1962-ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். சேரி என்று வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தோன்றியது, உள்ளே இருந்தவர்களுக்கு ஒரு கிராமமாக இருந்தது என்பது அவர் கண்டது. மறு வருஷம் மார்க் ப்ரீட் என்ற மனநூல் அறிஞர், அங்கிருந்து போனவர்களை விசாரித்து எழுதினார். அவர்களில் பலர் வீடு மாறியவர்களைப் போல் வருந்தவில்லை. நெருங்கிய உறவினரை இழந்தவர்களைப் போல் துக்கம் காத்தார்கள் என்பது அவர் முடிவு.

எங்கள் வீட்டு அம்மாள் இந்தப் புத்தகங்களைப் படித்ததில்லை. ஆனால் தினமும் காலையில் இரண்டு பஸ் மாறி மயிலாப்பூருக்கு வேலைக்கு வருகிறார். அங்கேயே பக்கத்தில் வேலை கிடைக்காதா என்று என் தம்பி கேட்டான்.

"கிடைக்கும், தம்பி. சம்பளங்கூட ஒண்ணுதான். ஆனா அங்கே நான் லிப்டுலே போனா யாருன்னு யாருக்கும் தெரியாது. இங்கே பஸ்ஸை விட்டு எறங்கினா, மோர்க்காரம்மா, 'ஏன் நேத்து வரலே'ன்னு கேக்கும். அதைக் கேக்கத்தான் வர்றேன்னு வெச்சுக்கோயேன்" என்றார்.

பிறகு காகிதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, திண்ணைத் தரையில் ஈர விரலால் ஒரு கோடு இழுத்தார். அது கால்வாய். அதன் ஓரத்தில் ஒரு புள்ளி; குடம் வைத்துக் காத்திருந்த குழாயடி. இன்னொரு புள்ளி, பேறுகாலத்தில் தம்மைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களின் வீடு. இன்னொன்று, வேப்பமரத்தடி அம்மன். வெயிலில் அந்தக் கோடுகள் உலர்ந்துகொண்டே வந்தன. குழந்தை அவசர அவசரமாக அதைக் காகிதத்தில் பார்த்து எழுதிக்கொண்டாள்.

அன்று வரைந்த ஐந்து படங்களில் அதுதான் மயிலாப்பூரின் நல்ல படம் என்பது என் அபிப்பிராயம். திண்ணையும் அதில் இருந்தது. அவர் பஸ் இறங்கி வந்ததும் ஐந்து நிமிஷம் காலை நீட்டி உட்காருகிற இடம் அது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

விலைச்சீட்டில் இல்லாதது

மெட்ரோ ரயில் வருவதை நான் ஆட்சேபிப்பவன் அல்ல. இரண்டு தடங்கள் திருமயிலையில் பூமிக்கடியில் சந்திப்பதாக ஏற்பாடு. அது முடிந்தால் என் பையன் சீக்கிரமாகப் பட்டணத்தின் மறு கோடிக்குப் போவான். இரண்டு பஸ் மாறுகிற அந்த அம்மாளுக்கும் ஏதாவது சௌகரியம் பிறக்கலாம். பழையதெல்லாம் நல்லது என்று சொல்வதும் பொய். அந்தப் பழைய மாட வீதிகளில் யாரெல்லாம் திண்ணையில் உட்காரலாம், யாரெல்லாம் உட்காரக் கூடாது என்று ஒரு காலத்தில் கண்டிப்பு இருந்ததை மறைத்துவிட்டு அவற்றின் அழகைப் பேசுவது நேர்மை ஆகாது. மாற வேண்டியது மாறத்தான் வேண்டும்.

மாறும்போது யாரைக் கேட்டு மாற்றுகிறோம் என்பதே கேள்வி. ரயில் வந்தால் மனை விலை ஏறும். விலை ஏறினால் பழைய வீடுகள் விழும். இதில் அதிகாரிகளை மாத்திரம் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. மயிலையின் திண்ணைகளை இடித்தவர்கள் பெரும்பாலும் திண்ணைக்குச் சொந்தக்காரர்களே. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு நியாயமான காரணம் இருந்தது: பாகப் பிரிவினை, பெண்ணின் கல்யாணம், ஒழுகுகிற மச்சு. ஒவ்வொருவரும் தம் வீட்டை மட்டுமே விற்றார்கள். எல்லோருமாகச் சேர்ந்து வீதியை விற்றுவிட்டோம்.

1992-ஆம் ஆண்டில் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், பெரிய நகரங்களில் வார்டுக் குழுக்கள் அமைக்க வேண்டும் என்றது. முப்பது ஆண்டு கழித்து, 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் வார்டுக் குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் பிறந்தன. அவ்வாண்டு நவம்பர் முதல் தேதியில் நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. சுயராஜ்யம் என்ற பெரிய வார்த்தை டில்லியில் மாத்திரம் குடியிருந்தால் போதாது. நம் தெரு முனைக்கும் அது நடந்து வர வேண்டும். கூட்டத்துக்குப் போகிறவர்கள் சாக்கடையையும் தெரு விளக்கையும் பற்றிப் பேசட்டும், அவசியமான விஷயங்கள்தான். கூடவே எந்த மரம், எந்தக் குளக்கரை, எந்த நடைபாதை போனால் தங்களுக்கு ஊரே போய்விடும் என்பதையும் எழுதிக் கொடுக்கட்டும். முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் அது யோசனை. இடித்த பிறகு சொன்னால் புலம்பல்.

நேயர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பரீட்சையைத் தங்கள் வீட்டில் நடத்திப் பார்க்கலாம். காசு செலவில்லை. வீட்டிலுள்ளவர்களுடன் நிறுத்திக்கொள்ளாமல், பால்காரரையும் பூக்காரரையும், வீடு பெருக்க வருகிறவரையும் கேளுங்கள். எல்லோருடைய படத்திலும் எது இருக்கிறதோ, அதைக் காப்பாற்ற முதலில் முயலுங்கள். ஒருவர் படத்தில் மட்டும் இருப்பதை அலட்சியம் செய்துவிடாதீர்கள். அவருக்கு வேறு போக்கிடம் இல்லாதிருக்கலாம்.

எங்கள் வீட்டுச் சங்கதி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு நாள் பேசினோம். என் தம்பிக்குப் பணம் தேவை; அது நியாயமான தேவை. மச்சு ஒழுகுவதும் உண்மை. ஆகவே கட்டிட முதலாளிக்குப் பதில் எழுதினோம். வீதியைப் பார்த்த திண்ணை ஒன்றும், பழைய கிணறும் இருக்கும்படியாகக் கட்ட முடியுமானால் மேற்கொண்டு பேசலாம் என்று எழுதினோம். அவர் உடனே டெலிபோனில் கூப்பிட்டார். "ஸார், திண்ணை வைத்தால் இரண்டு கார் நிறுத்தும் இடம் போய்விடும். அந்தத் தொகை உங்கள் பங்கிலேதான் குறையும்" என்றார். எவ்வளவு குறையும் என்று கேட்டேன். ஒரு தொகை சொன்னார், பெரிய தொகைதான்.

அதை அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா அந்தத் தொகையை ஒரு முறை தமக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"அப்படியானால் திண்ணைக்கும் விலை போட்டுவிட்டான். இனிமேல் அது வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யலாம்" என்றார்.

தம்பி டில்லிக்குத் திரும்பிப் போகும்போது அந்த ஐந்து படங்களையும் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனான். பங்குனி உற்சவத்துக்கு வரும்போது பதில் சொல்கிறேன் என்றான். வழி கேட்க வேண்டாமா என்றேன். குளத்தை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினான்.